எர்த் போல்ட்டுக்கு அடித்த பெயிண்ட்

போன மாதம் ஒரு போன் வந்தது. பேசியவர் நான் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்த அதே டெலிபோன் ஆபீசில் இப்போது இருக்கும் இளம் பொறியாளர். என்னைப் பார்த்ததே இல்லை. "மேடம், டேட்டா ரூம்ல இருக்கிற பழைய ரேக்கையெல்லாம் கழட்டிக்கிட்டு இருக்கோம். ஒரு ரேக்குல மட்டும் கால் பக்கம் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட்டச் சுரண்டி வெறும் இரும்பா விட்டிருக்காங்க. ரிஜிஸ்டர்ல உங்க பேர் இருந்துச்சு. அது எதுக்கு மேடம்?" என்று கேட்டார்.

"எர்த் பிடிக்கத்தான் தம்பி" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அது பொய்யில்லை, பாதி உண்மை.

அதே வாரம் ஓய்வுபெற்றோர் சங்கத்திலிருந்து ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்தார்கள். "டிரங்க் கால் காலத்துக் கதை ஏதாச்சும் எழுதுங்கக்கா. படிக்கிறவங்க சிரிக்கணும்" என்றார்கள். பேச்சியம்மாள் என்று பெயர் வைத்துக்கொண்டு டெலிபோன் ஆபரேட்டராகப் போனவளிடம் சிரிப்புக்கதைக்கா பஞ்சம்? ஆனால் அவற்றையெல்லாம் சங்கக் கூட்டத்தில் டீயும் வடையுமாகப் பலமுறை சொல்லித் தீர்த்தாகிவிட்டது. சொல்லாத கதை இது ஒன்றுதான். சிரிக்க வேண்டும் என்பவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம், எனக்கு வருத்தமில்லை.

என் முன்கதை சுருக்கமானது. எழுமலைப் பக்கம் பிறத்தியார் காட்டில் கூலிக்குப் போன குடும்பம் எங்களுடையது. வீட்டில் முதலில் பத்தாவது தேறியவள் நான். மதுரையில் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. பதினைந்து வருடத்துக்கு மேல் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, ஊர் ஊராக ஒயரைச் செருகி ஆட்களைப் பேச வைத்தேன். பிறகு ஜனங்கள் தாங்களே நம்பரைச் சுழற்றிப் பேசத் தொடங்கினார்கள், எங்கள் போர்டு வேலை இழந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் எங்களில் சிலருக்கு ஒன்பது வாரப் பயிற்சி கொடுத்து டெக்னீஷியன் என்று பெயர் மாற்றினார்கள். அப்போதுதான் மதுரைக்கு இன்டர்நெட் வந்திருந்தது. அதற்கென்று மாடியில் ஏசி போட்டு ஒரு அறை கட்டி, அதில் என்னைக் கொண்டுபோய் விட்டார்கள்.

அந்த அறையில் ஆள் உயரத்துக்கு மூன்று ரேக்குகள். மரச்சட்டம் அடித்து அதன் மேல் நிறுத்தியிருந்தார்கள். ரேக் என்றால் பெரிய விஷயமில்லை, துளைபோட்ட இரண்டு இரும்புக் கால்களும் மேலும் கீழும் குறுக்குச் சட்டமும்தான். அந்தக் கால்களில் ரூட்டர்களைத் திருகி மாட்டுவோம். ஜில்லா முழுவதும் இன்டர்நெட் பார்ப்பவர்களின் போக்குவரத்தைப் பிரித்து அனுப்புவது அந்தப் பெட்டிகளின் வேலை. பார்ப்பதற்கு வீட்டு டேப்ரிக்கார்டர் மாதிரி இருக்கும். நான்கு பச்சை விளக்கு மினுக்கும். அவ்வளவுதான்.

அந்த அறைக்கு இன்ஜினியர் துளசிராம் சார். மகால் பக்கத்து சௌராஷ்டிரக் குடும்பம். அவருடைய அப்பா காலம் வரை வீட்டில் தறி ஓடியதாம். வீட்டிலிருந்து போன் வந்தால் சௌராஷ்டிரத்தில் கடகடவென்று பேசுவார். வைத்ததும் அளந்து அளந்து தமிழ் பேசுவார். என்னையும் "நீங்க" என்றுதான் சொல்வார், அறை துடைக்க வருகிறவளையும் "நீங்க" என்றுதான். அவர் சத்தம்போட்டு நான் கேட்டதில்லை. சத்தம் போடுகிற அதிகாரியைச் சமாளித்துவிடலாம். இவரைச் சமாளிப்பது கஷ்டம்.

ரேக்குக்குப் பக்கத்தில் போவதற்கு முன் வாட்ச்சையும் மோதிரத்தையும் கழற்றி, கைக்குட்டையில் முடிந்து, மேஜை இழுப்பறையில் வைப்பார். பிறகு எர்த் ஒயரைப் பின்பக்கத்திலிருந்து தொடங்கி விரலால் தடவிக்கொண்டே போவார். அறுந்த இழையைத் தேடும் தறிக்காரர் மாதிரி இருக்கும். ஒவ்வொரு ரூட்டரின் முதுகிலும் பச்சையும் மஞ்சளுமாக ஒரு ஒயர் இருக்கும். அதன் முனையில் அழுத்திய செம்புக் காதை லக் என்போம், அதை இரண்டு திருகு போட்டுப் பெட்டியோடு இறுக்கியிருப்போம். அந்த ஒயர் ரேக்கின் காலுக்கு வரும். ரேக்கின் காலிலிருந்து ஒரு தடித்த ஒயர் சுவரில் இருக்கும் செம்புப் பட்டைக்குப் போகும். பட்டை சுவரோடு இறங்கி, கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் எர்த் குழிக்குப் போகும். குழியில் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு ஒரு குழாயை நட்டிருந்தார்கள். மதுரை வெயிலில் மண் காய்ந்துவிட்டால் கரண்ட் இறங்காது. ஆகவே தினம் காலையில் குழாய் வாயில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்ற வேண்டும்.

இதெல்லாம் எதற்கு என்று நான் முதல் வாரத்திலேயே கேட்டேன். அவர் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது. "பெட்டிக்குள்ள கரண்ட் தப்பி இரும்புக்கு வந்துருச்சுன்னு வைங்க. ஓடிப்போக வழி இருந்தா ஒரே பாய்ச்சல்ல மண்ணுக்குள்ள போயிரும். அந்த வேகத்துல ஃபியூஸ் போயிரும், எல்லாம் அடங்கிரும். வழி இல்லன்னா அது எங்கயும் போகாது. பெட்டியிலயே இருக்கும். யாராச்சும் வந்து தொடுற வரைக்கும்."

லக்கை மாட்டுவதற்கு அவருக்கு ஒரு முறை உண்டு. முதலில் உப்புத்தாளால் பெயிண்ட்டை வழித்து இரும்பை வெளுக்க வைக்க வேண்டும். பிறகு பல் வைத்த வாஷர், அது இரும்பைக் கடித்துப் பிடிக்கும். அதன் மேல் லக், அதன் மேல் நட். இறுக்கிய பிறகு துரு ஏறாமல் இருக்க வாசலின் தடவ வேண்டும். கடைசியாக மீட்டரின் ஒரு முனையைப் பெட்டியிலும் இன்னொரு முனையைச் செம்புப் பட்டையிலும் வைத்து எண்ணைப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ பூஜ்யம் வந்தால் வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். தினம் காலையில் அதை அளந்து ரிஜிஸ்டரில் எழுதுவது என் வேலை. மூன்று நிமிட வேலைதான்.

எழுதிக்கொண்டு போய் நீட்டினால் சார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "அளந்தீங்களா, பார்த்தீங்களா?" என்பார். முதலில் எனக்கு எரிச்சலாக இருக்கும். இந்த மனுஷன் என்னை நம்பவில்லையா என்று முணுமுணுப்பேன். பிறகு பழகிவிட்டது. "அளந்தேன் சார்" என்பேன். தலையை ஆட்டிக் கையெழுத்துப் போடுவார்.

இனி ஆயுத பூஜைக்கு வருகிறேன்.

எங்கள் ஆபீசில் பண்டிகைக்கு முதல் நாள் சாயங்காலமே கும்பிட்டுவிடுவோம். எக்ஸ்சேஞ்சில் இரும்பு என்று எது இருந்தாலும் அதற்கு அன்று குளியலும் பொட்டும் உண்டு. அதற்கு முன் பெயிண்ட். மெக்கானிக் சௌந்தரம் அண்ணன்தான் எங்கள் ஆஸ்தான பெயிண்டர். பழைய எக்ஸ்சேஞ்சின் ரேக்குகளுக்கு இருபது வருடமாக அவர்தான் சாம்பல் நிற எனாமல் அடித்துவந்தார். அந்த ரேக்குகளில் எர்த் பட்டையை ரிவிட் அடித்துச் சேர்த்திருப்பார்கள், எத்தனை கோட் அடித்தாலும் ஒன்றும் ஆகாது. அதனால் பெயிண்ட் அடிப்பதில் ஆபத்து உண்டு என்று எங்களில் யாருக்கும் தோன்றியதே இல்லை.

அந்த வருடம் இன்டர்நெட் அறைக்கும் அடித்துவிடலாம் என்று முடிவானது. துளசிராம் சார் வீட்டு விசேஷத்துக்காக அந்த வாரம் லீவு. மேலே அனுமதி வாங்கி இரண்டு மணி நேரம் ரூட்டர்களை நிறுத்தினோம். சௌந்தரம் அண்ணன் அரைகுறையாக வேலை செய்கிற ஆள் இல்லை, அதுதான் வினையாகிவிட்டது. நடு ரேக்கின் காலில் எர்த் ஒயரைச் சுற்றிப் பூசிவிட்டுப் போகாமல், நட்டைக் கழற்றி, லக்கை எடுத்து வைத்துவிட்டு, வெளுத்திருந்த இடத்துக்கும் இரண்டு கோட் அடித்தார். போல்ட்டையும் வாஷரையும்கூடப் பெயிண்ட்டில் முக்கி எடுத்துக் காயவைத்தார். காய்ந்ததும் மறக்காமல் எல்லாவற்றையும் பழையபடி மாட்டி இறுக்கினார்.

"எப்புடிம்மா இருக்கு? புதுப்பொண்ணு மாதிரி இல்ல?" என்றார்.

"சூப்பரா இருக்குண்ணே" என்றேன். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

ரூட்டர்களை மறுபடி போடுவதற்கு முன் அளந்திருக்க வேண்டும். மீட்டரைத் தேடினேன். அது கீழே பூஜையில் இருந்தது. ஸ்பானர், கட்டிங் பிளேயர், சால்டரிங் அயர்ன் எல்லாவற்றோடும் வரிசையாக, சந்தனமும் குங்குமமும் வைத்து, மேலே ஒரு செவ்வந்திப்பூவோடு. படைத்த ஆயுதத்தை மறுபூஜை முடியும் முன் எடுக்கக் கூடாது என்பது எங்களுக்கு எழுதப்படாத சட்டம். கேட்டால் சௌந்தரம் அண்ணன், "அதுக்குள்ள என்னம்மா அவசரம், நாந்தான் முறுக்கி மாட்டியிருக்கேன்ல?" என்றார். லக் இறுக்கமாகத்தான் இருந்தது. அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. ரூட்டரைப் போட்டேன். முந்தைய நாள் எண்ணையே ரிஜிஸ்டரில் எழுதினேன். பிறகு கீழே போய்ப் பொரிகடலை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த இரண்டு நாளும் விடுமுறை. எனக்கு மட்டும் டியூட்டி. மீட்டர் பூஜையில் இருந்ததால் அந்த இரண்டு நாளும் அதே எண். மூன்றாம் நாள் மீட்டர் என் மேஜைக்கு வந்துவிட்டது. அப்போதும் அளக்கவில்லை. ஏன் என்று கேட்டால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஒரு நாள் பொய் எழுதிவிட்டால் மறுநாள் உண்மை எழுதக் கை வராது. வேறு எண் வந்துவிட்டால் நேற்றைய எண்ணுக்கு என்ன பதில் சொல்வது? இப்படியே நான்காம் நாளும் போனது.

முத்துராக்குவைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. வண்டியூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து மாடி முழுவதும் பெருக்கித் துடைப்பவள். கான்ட்ராக்ட் ஆள், அதனால் பண்டிகை விடுமுறை கிடையாது. எனக்கு இரண்டு மூன்று வயது இளையவள். டியூட்டியில் நாங்கள் இருவரும் மட்டும் இருந்தால் கொண்டுவந்த சோற்றைப் பகிர்ந்து சாப்பிடுவோம். அவள் வைக்கும் கருவாட்டுக் குழம்புக்காகவே நான் வெறும் தயிர்சாதம் கொண்டுபோன நாளெல்லாம் உண்டு.

பெயிண்ட் அடித்த மறுநாள் காலை ரேக்கைத் துடைத்துக்கொண்டிருந்தவள் கையை உதறினாள். "அக்கா, இந்தப் பொட்டி கடிக்குதுக்கா" என்றாள்.

நான் சிரித்தேன். "பூஜை போட்ட பொட்டி ராக்கு. உன் கருவாட்டு வாசம் புடிக்காம கடிச்சிருக்கும்" என்றேன். அவளும் சிரித்தாள்.

இரண்டாம் நாள், "நெசமாத்தேன்க்கா. சுர்ருங்குது. நீங்களே தொட்டுப் பாருங்க" என்றாள். தொட்டுப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அறைக்குள் போட்டுக்கொள்ள டெக்னீஷியன்களுக்கென்று இரண்டு ஜோடி ரப்பர் செருப்பு கொடுத்திருந்தார்கள். நான் அதைப் போட்டிருந்தேன். துடைக்க வருகிறவளுக்குச் செருப்பு கிடையாது. அவள் அப்போதுதான் துடைத்த ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்றிருந்தாள். "ஒன்னும் இல்லையே, உனக்குத்தான் பிரமை" என்றேன். மூன்றாம் நாளும் நான்காம் நாளும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையைச் சுற்றிக்கொண்டு நுனிவிரலால் துடைத்துவிட்டுப் போனாள்.

இந்தக் கடி என்ன என்பது டெக்னீஷியன் என்று சம்பளம் வாங்கியவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எர்த் இல்லாத பெட்டியில் எப்போதும் கொஞ்சம் கரண்ட் கசிந்து இரும்பில் நிற்கும். அது ஆளைக் கொல்லாது, வழி அடைத்திருக்கிறது என்று மட்டும் சொல்லும். ஒன்பது வாரப் பயிற்சியில் படித்ததுதான். ராக்கு எந்தப் பயிற்சிக்கும் போகாமல் அதை எனக்கு இரண்டு முறை சொன்னாள்.

ஐந்தாம் நாள் காலை ஒன்பது மணி இருக்கும். நான் ஜன்னலோரம் நின்று பழைய ரிஜிஸ்டர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். சத்தம் என்று பெரிதாக ஒன்றும் வரவில்லை. தொண்டையில் ஏதோ சிக்கினது போல ஒரு முனகல். திரும்பிப் பார்த்தால் ராக்கு நடு ரேக்கின் காலை ஈரத்துணியோடு பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். இடது கை பக்கத்திலிருந்த இரும்பு பீரோவில். உடம்பு மட்டும் வெடவெடவென்று ஆடியது. கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். அதற்குள் நான் போட்ட கூச்சலைக் கேட்டு வந்த சௌந்தரம் அண்ணன் மாப் கட்டையால் அவள் கையைத் தள்ளிவிட்டார். கீழே விழுந்தவளுக்கு நெஞ்சை அமுக்கியதும் அவர்தான். இரண்டு நிமிடமோ என்னவோ, எனக்கு ஒரு யுகம். மூச்சு வந்தது. வலது கையில் நடுவிரலும் மோதிரவிரலும் உள்பக்கம் கருகியிருந்தன. ஆட்டோவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் கருகல் வாசனையை இப்போது எழுதும்போதும் என் மூக்கு அறிகிறது.

துளசிராம் சார் லீவு முடிந்து அன்றைக்குத்தான் வந்தார். விஷயத்தைக் கேட்டார். வாட்ச்சைக் கழற்றினார், மோதிரத்தைக் கழற்றினார், கைக்குட்டையில் முடிந்தார். ரூட்டரின் பவர் சப்ளையைப் பிரித்தார். உள்ளே ஒரு இடத்தில் இன்சுலேஷன் வெந்து, முழுக் கரண்ட்டும் பெட்டியின் இரும்புக்கு வந்திருந்தது. ஃபியூஸ் போகவில்லை. வெளியே போக வழி இருந்தால்தானே ஃபியூஸ் போகும்? மீட்டரின் ஒரு முனையை ரேக்கிலும் இன்னொன்றைப் பட்டையிலும் வைத்தார். எண் எதுவும் வரவில்லை, வழி அடைத்திருந்தது. ஸ்பானர் போட்டு நட்டைக் கழற்றி, பேனாக்கத்தியால் ரேக்கின் காலைச் சுரண்டினார். சாம்பல் நிறத் தோல் சுருள் சுருளாக விழுந்தது. உள்ளங்கை அகலத்துக்கு இரும்பு தெரியும்வரை சுரண்டிக்கொண்டே இருந்தார்.

பிறகு மின்சாரம் வந்த பலகையைத் திருப்பினார். ரூட்டரோடு வந்த வெளிநாட்டுப் பிளக் நம் சாக்கெட்டில் போகாது என்று கடையில் செய்து வாங்கிய எக்ஸ்டென்ஷன் போர்டு அது. மூன்று ஓட்டை இருந்தது. மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை. எர்த்துக்கு இரண்டு வழி இருப்பதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒன்று பிறக்கவே இல்லை. இன்னொன்றுக்கு நாங்களே பெயிண்ட் அடித்திருந்தோம்.

கடைசியாக ரிஜிஸ்டரை எடுத்தார். அளக்கிற எண்ணின் கடைசி இலக்கம் தினம் கொஞ்சமாவது ஆடும். அந்தப் பக்கத்தில் ஐந்து வரியும் ஒரே எண். விரலை ஒவ்வொரு வரியிலும் வைத்து எடுத்தார். அவர் வழக்கமான கேள்வியைக் கேட்பார் என்று நின்றேன்.

"விசாரணை வரும் பேச்சியம்மா" என்றார். "இப்ப உங்ககிட்ட எதுவும் கேக்க மாட்டேன். அங்க கேப்பேன்."

அவ்வளவுதான். ரிஜிஸ்டரைப் பூட்டி வைக்கக்கூட இல்லை, என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார். நான் நினைத்திருந்தால் அந்தப் பக்கத்தை மாற்றி எழுதியிருக்கலாம். நினைக்கவும் செய்தேன்.

அதற்கு மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன், ஆரஞ்சும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு. ராக்கு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், வலது கை பெரிய பொட்டலமாக இருந்தது. "அந்த ரெண்டு விரலும் மடங்காதாம்க்கா" என்றாள், யாருடைய விரலையோ சொல்வது போல. நான் பையைக் கட்டில் ஓரத்தில் வைத்தேன். அவளே பேசினாள்.

"ஒங்களுக்கு வேல போயிருமாக்கா?"

"தெரியல ராக்கு" என்றேன். அழுதுவிட்டேன்.

"அழுவாதீங்க. நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்."

சொல்லாதே என்று நான் கேட்கவில்லை. ஆனால் எதற்காகப் போனேன், எதற்காக அழுதேன்? இவ்வளவு வருடம் கழித்தும் அந்தக் கேள்விக்கு நேராக நின்று பதில் சொல்ல முடியவில்லை. "இல்ல ராக்கு, நடந்ததச் சொல்லு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆரஞ்சை உரித்துக் கையில் கொடுத்துவிட்டுத் திருநகர் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போனேன்.

பத்துப் பதினைந்து நாளில் விசாரணை வந்தது. மேலிடத்திலிருந்து வந்த அதிகாரி மரியாதையான மனிதர், ஆனால் அவசரம். சாயங்கால ரயிலுக்குப் போக வேண்டும். துளசிராம் சார் அறையில்தான் நடந்தது. அதிகாரி வரும்போதே பாதி அறிக்கையை எழுதிக்கொண்டு வந்துவிட்டார். காய்ந்த துணியால்தான் துடைக்க வேண்டும் என்று சுவரில் அறிவிப்பு இருக்கிறது, துப்புரவுப் பணியாளர் ஈரத்துணியைப் பயன்படுத்தியிருக்கிறார், ஆகவே பணியாளரின் கவனக்குறைவு. அறிவிப்பு இருந்தது உண்மைதான், இங்கிலீஷில். ராக்கு தமிழையே எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அந்த ஒரு வரி பதிவாகிவிட்டால் அவள் திரும்பி வேலைக்கு வர முடியாது. மடங்காத விரலோடு வேறெங்கும் வேலை கேட்கவும் முடியாது.

"இதுக்கு முன்னாடி ஷாக் அடிச்சுதா? யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்று அதிகாரி அவளைக் கேட்டார்.

ராக்கு என்னைப் பார்க்கவில்லை. கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே, "இல்லங்க சார். யார்ட்டயும் சொல்லல. ஈரத்துணிய வச்சது என் தப்புத்தேன்" என்றாள்.

அதிகாரி எழுதத் தொடங்கினார். பேனா ஓடும் சத்தம் கேட்டது. நான் பிழைத்துவிட்டேன். அந்த நொடியில் எனக்கு வந்தது நிம்மதிதான், மறைக்க மாட்டேன்.

"சார், நான் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கலாமா?" என்றார் துளசிராம் சார். அதிகாரி தலையசைத்தார். சார் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "பேச்சியம்மா, பூஜை அன்னிக்கு ரூட்டரப் போடுறதுக்கு முன்னால, அளந்தீங்களா, பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொன்னேன். "பார்த்தேன், அளக்கல. மீட்டர் பூஜையில இருந்துச்சு. அப்பறம் நாலு நாளும் அளக்கல. எழுதுனதெல்லாம் பொய். இந்தப் பிள்ள எங்கிட்ட ரெண்டு தடவ சொன்னா சார், பொட்டி கடிக்குதுன்னு. நான் சிரிச்சேன்."

அதிகாரி பேனாவை மூடினார். ராக்கு தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நன்றியாக இருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. அத்தனை நாளும் அடக்கி வைத்திருந்த கோபம் முதல்முறையாக அவள் முகத்தில் வந்தது. அவளுக்கு அந்தக் கோபத்தில் முழு உரிமை இருந்தது.

"இன்னொன்னும் எழுதிக்கங்க சார்" என்றார் துளசிராம் சார். "அந்த எக்ஸ்டென்ஷன் போர்ட சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டு வாங்குனது நான். மூணாவது ஓட்டை இருக்கான்னு பார்த்தேன். பின்னால ஒயர் இருக்கான்னு அளக்கல."

அதிகாரி அந்த ரயிலைப் பிடிக்கவில்லை. அறிக்கையை முதலிலிருந்து எழுதினார்.

எனக்கு ஒரு வருட இன்கிரிமென்ட் நின்றது. சாருக்கு மெமோ வந்தது, ஓய்வுக்கு முன் வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை. சௌந்தரம் அண்ணன்மேல் குற்றம் எதுவும் எழுதவில்லை, ஆனாலும் அவர் அதன் பிறகு பெயிண்ட் பிரஷைத் தொடவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்கள், "யானைக்கும் அடி சறுக்கும் பேச்சி" என்றார்கள். சறுக்கியது யானைதான், நசுங்கியது வேறொருத்தி என்று அவர்களிடம் சொல்லத் தோன்றும். சொல்லாமல் தலையாட்டுவேன்.

அறிக்கை மாறியதால் ராக்குவைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. கான்ட்ராக்டர் இழுத்தடித்தார். சார் விடாமல் கடிதம் எழுதினார். நான்கைந்து மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை வந்தாள். அறை வாசலில் மூன்றாவது ஜோடி ரப்பர் செருப்பு வைத்திருந்தோம். போட்டுக்கொண்டாள். தரையைத் துடைத்தாள், பீரோவைத் துடைத்தாள், ஜன்னலைத் துடைத்தாள். ரேக் பக்கம் மட்டும் வரவில்லை. என்னோடு பேசவும் இல்லை. அந்த வாரம் முழுவதும் அப்படியே போனது.

அடுத்த திங்கட்கிழமை நான் அளந்து எழுதி முடிக்கும்வரை காய்ந்த துணியை இடது கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அளந்துட்டேன் ராக்கு. சரியா இருக்கு, பாரு" என்று மீட்டரைக் காட்டினேன்.

அவள் மீட்டரைப் பார்க்கவில்லை. "செருப்பக் கழத்துங்கக்கா" என்றாள்.

கழற்றினேன்.

"இப்ப தொடுங்க."

வெறுங்காலோடு நின்று ரேக்கின் மேல் உள்ளங்கையை வைத்தேன். இரும்பு ஜில்லென்று இருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கை வலிக்கத் தொடங்கியது, ஆனாலும் எடுக்கவில்லை.

"மீட்டரு ஒங்களுக்கு. எனக்கு ஒங்க கைதேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "போதும்க்கா" என்றாள். நான் கையை எடுத்த பிறகு துடைக்கத் தொடங்கினாள்.

துளசிராம் சார் ஒரு நாள் இதைப் பார்த்துவிட்டார். தடுக்கவில்லை. "மீட்டர் காட்டின பிறகு வைங்க. அதுக்கு முன்னால வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

நாளாக ஆக ராக்கு என்னோடு பழையபடி பேசினாள். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தாள். மறுபடி கருவாட்டுக் குழம்பு வந்தது, இடது கையால் பிசைந்து சாப்பிடப் பழகியிருந்தாள். ஆனால் காலையில் ரேக்குக்கு முன் மட்டும் அவள் ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை. காய்ச்சலோடு வந்த நாளிலும், அதிகாரிகள் பார்வையிட வந்து நின்ற நாளிலும், நான் செருப்பைக் கழற்றிக் கையை வைத்த பிறகுதான் அவள் துணியை வைப்பாள்.

நான் ஓய்வு பெற்ற நாளன்று சாயங்காலம் கூட்டம், மாலை, மைக் எல்லாம் இருந்தது. காலையில் வழக்கம்போல் அளந்து எழுதினேன். இன்று ஒரு நாளாவது காத்திருக்காமல் அவளாகவே துடைத்துவிடுவாள் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது. மேஜையிலேயே கொஞ்ச நேரம் கூடுதலாக உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் பார்த்தேன். ராக்கு துணியை இடது கையில் பிடித்துக்கொண்டு, ரேக்குக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள்.

எழுந்துபோய்ச் செருப்பைக் கழற்றினேன், கையை வைத்தேன். அவள் தினமும் பார்ப்பது போலவே என் முகத்தைப் பார்த்தாள்.

"போதும்க்கா" என்றாள்.